ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு வந்தேன்: குழு முடிவெடுத்தல் பயிற்சி ஒன்றைப் பற்றித் தாமதமாக ஒரு மதிப்புரை

இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குத் தேநீரோடு மதிப்பீட்டுப் படிவத்தையும் கொடுத்தார்கள். ஒரே தாள், ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள், தலைப்பில் பெயரும் நிறுவனமும் எழுதுவதற்கு ஒரு கோடு. முன்வரிசையில் இருந்த எங்கள் நிர்வாக இயக்குநர் ஆறு கேள்விகளுக்கும் ஐந்தில் டிக் போட்டு, தாளைப் பயிற்றுநரின் கையிலேயே கொடுத்து, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார். பின்வரிசையில் இருந்த நாங்கள் எட்டுப் பேரும் ஆளுக்கு ஆறு ஐந்து போட்டோம். ஒரு குழுவில் மூத்தவர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களுடைய கருத்து எப்படி அவர் பக்கம் சாய்ந்துவிடும் என்பதைத்தான் அந்த இரண்டு நாள்களும் பாடமாகக் கேட்டிருந்தோம் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகே எனக்கு உறைத்தது. என் உண்மையான மதிப்பெண் மூன்றரை. அன்று எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சியை நடத்துவது ஒரு தனியார் நிறுவனம். அன்று கைக்கு வந்த படிவத்தில் புகழ்ந்துவிட்டு இன்று பெயர் சொல்லிக் குறை கூறுவது முறையல்ல என்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இடம், கோவை அவிநாசி சாலையில் ஒரு விடுதியின் கூட்ட அரங்கு. கட்டணம் ஒருவருக்கு 16,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஐந்து பேருக்கு மேல் அனுப்பினால் பத்து சதவீதத் தள்ளுபடி. நான்கு நிறுவனங்களிலிருந்து 28 பேர் வந்திருந்தோம். நாங்கள் பம்பு தயாரிப்பவர்கள். நான் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, அரங்கின் குளிர்சாதனம் அளவுக்கு மீறியிருந்தது. இவற்றைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் மேலாளரோடு ஒரே மேசையில்தான் அமர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான பயிற்சிகளில் ஆள்களைக் கலைத்துப்போட்டு உட்காரவைப்பார்கள். முன்பின் தெரியாத நால்வருடன் பேசும்போது யாரும் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை, ஆகவே அங்கே கற்றுக்கொள்ளவும் அதிகம் இருக்காது. இங்கே எதிரில் சம்பள உயர்வுக்குக் கையெழுத்திடுபவர் இருந்தார். நாங்கள் ஒன்பது பேரும் இரண்டு மேசைகளாகப் பிரிந்தோம், நிர்வாக இயக்குநர் என் மேசைக்கு வந்தார். இந்த ஒரு விதிக்காகவே அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

முதல் நாள் காலை முழுவதும் விரிவுரை. குழுச்சிந்தனை என்ற கருத்தை 1970களின் தொடக்கத்தில் விரிவாக எடுத்துவைத்தவர் அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜேனிஸ். ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் ஒரு குழுவில் மிகும்போது, எது சரி என்று ஆராயும் பழக்கம் அங்கே மங்கிவிடுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பயிற்றுநர் இதற்குக் காட்டிய எடுத்துக்காட்டு எல்லோரும் காட்டுவதுதான்: 1961 ஏப்ரலில், அமெரிக்க உளவுத்துறை பயிற்சி அளித்த சுமார் 1,400 கியூபப் புலம்பெயர்ந்தோரைப் பன்றிகள் விரிகுடாவில் இறக்கிக் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்கப் போட்ட திட்டம். மூன்றே நாள்களில் அது முறிந்தது, 1,100க்கும் மேற்பட்டோர் சிறைபட்டனர். தாக்குதல் தோற்றால் எஸ்காம்ப்ரே மலைகளுக்குள் மறைந்துகொள்ளலாம் என்ற எண்ணம் திட்டத்தில் இருந்தது. ஆனால் இறங்கும் இடத்தை மாற்றிய பிறகு அந்த மலைகளுக்கும் கரைக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவும் சதுப்பு நிலமும் இருந்தன. ஒரு வரைபடத்தை விரித்திருந்தால் தெரிந்திருக்கும். திட்டத்தை எதிர்த்துக் குறிப்பு எழுதிக் கொடுத்த ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர்கூட, குடியரசுத் தலைவர் கென்னடி தலைமையில் நடந்த கூட்டங்களில் ஏறக்குறைய வாய் திறக்காமல் இருந்ததற்காகப் பின்னாளில் தம்மையே நொந்துகொண்டார்.

இதுவரை பயிற்றுநர் நன்றாகவே சொன்னார். இதற்கு அடுத்த பாதியை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டதுதான் என் முதல் குறை. பதினெட்டு மாதம் கழித்து, 1962 அக்டோபரில், சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் இருப்பது தெரியவந்தபோது கென்னடியைச் சுற்றி அமர்ந்தவர்களில் பலர் முந்தைய தோல்வியில் பங்கிருந்த அதே ஆள்கள். அவர்கள் திடீரென்று துணிச்சல் பெற்றுவிடவில்லை; கூட்டம் நடத்தும் முறை மாறியிருந்தது. குடியரசுத் தலைவர் சில அமர்வுகளிலிருந்து வேண்டுமென்றே விலகி நின்றார், குழுவைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒன்றின் திட்டத்தை மற்றொன்று குடையச் செய்தார்கள், வெளியிலிருந்து வல்லுநர்களை அழைத்துக் கேட்டார்கள். ஒரு நிறுவனம் கட்டணம் கட்டி ஒன்பது பேரை அனுப்புவது இந்தப் பகுதியைக் கற்றுக்கொள்ளத்தான். தோற்ற கதையை நாற்பது நிமிடம் சுவையாகச் சொல்லிவிட்டு, தேறிய கதையை ஒரே ஸ்லைடில் அடைத்தது, நோயைப் பற்றி விரிவாகப் பேசிய மருத்துவர் மருந்துச் சீட்டை மட்டும் கிறுக்கிக் கொடுத்ததைப் போல இருந்தது.

இடையில் உத்திரமேரூரும் வந்தது. தமிழ்நாட்டில் எந்த மேலாண்மைப் பயிற்சிக்குப் போனாலும் பத்தாம் நூற்றாண்டின் குடவோலைக்கு ஒரு வணக்கம் வைக்காமல் விடுவதில்லை. "ரகசிய வாக்கெடுப்பைக் கண்டுபிடித்தவர்கள் நாம்" என்று பயிற்றுநர் சொன்னதும் அரங்கில் கைதட்டல் எழுந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்வது வேறு: ஊரின் முப்பது குடும்புகளிலும், அதாவது வட்டங்களிலும், தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அது வாக்கெடுப்பு அல்ல, சீட்டுக் குலுக்கல். யார் வாரியத்தில் அமர வேண்டும் என்பதற்கான அருமையான ஏற்பாடு அது என்பதில் ஐயமில்லை. அமர்ந்தவர்கள் எப்படி விவாதித்தார்கள், மாற்றுக் கருத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பது வேறொரு கேள்வி. பெருமையாக ஒலிக்கும் ஒன்றை 28 பேரும் ஆராயாமல் கைதட்டி ஏற்றுக்கொண்டதைப் பயிற்றுநரே அந்த இடத்தில் எடுத்துக்காட்டாக்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருந்தும் நான் கை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்தவர் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

சாலமன் ஆஷின் கோட்டுச் சோதனையைச் செய்துகாட்ட முயன்று அது பிசுபிசுத்தது. ஒரே நீளமுள்ள கோடு எது என்று கேட்கும், 1950களில் நடந்த அந்தச் சோதனையில், முன்பே சொல்லிவைத்தபடி மற்றவர்கள் எல்லோரும் தவறான கோட்டைச் சரி என்று கூறும்போது, நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது தம் கண் கண்டதை விட்டு அவர்கள் சொன்னதைச் சொன்னார்கள். இன்று இது காணொளிகளில் பலமுறை வந்துவிட்டதால் மேடைக்கு அழைக்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே சரியான கோட்டைக் காட்டிவிட்டார். ஆனால் அதே ஆஷ் கண்ட இன்னொன்றைப் பயிற்றுநர் சொல்லவே இல்லை: உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு துணை இருந்தால் போதும், தவறாக ஒத்துப்போவது ஏறக்குறைய கால்வாசியாகச் சுருங்கிவிடுகிறது. விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னாலும் அது வெகுவாகக் குறைகிறது. ஆளை மாற்றாமல் ஏற்பாட்டை மாற்றினாலே விடை மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது.

பிற்பகல் பயிற்சிதான் கட்டணத்தில் பாதிக்கு ஈடு. மேலாண்மைக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் ஒரு பயிற்சியை அவர்கள் எடுத்தாண்டிருந்தார்கள். நீங்கள் ஒரு கார் பந்தய அணியின் உரிமையாளர்கள். இன்று ஓட்டி முன்னணியில் வந்தால் பெரிய விளம்பரதாரர் கிடைப்பார், எஞ்சின் பழுதானால் அணியே கலையும். இதுவரை ஓடிய 24 பந்தயங்களில் ஏழில் எஞ்சினின் கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் பாகம்) பழுதாகியிருக்கிறது. இன்று வழக்கத்தைவிடக் கடும் குளிர். குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டு என்கிறார் மெக்கானிக். பழுதான ஏழு பந்தயங்களின் வெப்பநிலையை வரைபடத்தில் குறித்துக் காட்டி அப்படி எந்த ஒழுங்கும் இல்லை என்கிறார் எஞ்சின் நிபுணர். ஓட்டுவதா, விடுவதா என்று இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டும். "வேறு ஏதாவது தகவல் வேண்டுமானால் கேளுங்கள்" என்று ஒரே ஒரு முறை, போகிற போக்கில், பயிற்றுநர் சொன்னார்.

எங்கள் நிர்வாக இயக்குநர் தாளைப் படித்து முடித்ததும், "ரிஸ்க் எடுக்காம தொழில் பண்ண முடியுமா? ஓட்டிரலாம்" என்றார். அப்போது கடிகாரத்தில் நான்காவது நிமிடம். மிச்சம் இருந்த பதினாறு நிமிடமும் ஓட்டுவதற்கான காரணங்களைச் சேர்ப்பதிலேயே கழிந்தது. அதில் மூன்று காரணங்கள் என்னுடையவை. எனக்கு இடப்பக்கம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இளம் பொறியாளர் இருந்தார், வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுதான் ஆகிறது. அவர் தம் குறிப்பேட்டில் வரிசையாக 24 சிறு கட்டங்கள் வரைந்து, ஏழில் பெருக்கல் குறியிட்டு, மீதிப் பதினேழின் மேல் ஒரு நீண்ட அடைப்பு வரைந்து அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். தலையை நிமிர்த்தி ஏதோ சொல்ல வந்தவர், நிர்வாக இயக்குநர் விளம்பரத் தொகையைக் கணக்கிடத் தொடங்கியதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். பழுதான உருப்படிகளை மட்டும் வைத்து வரைபடம் போடக் கூடாது என்பது தரக் கட்டுப்பாட்டில் அரிச்சுவடிப் பாடம். அந்த மேசையில் விடை இருந்தது, ஒரு குறிப்பேட்டுக்குள் இருந்தது.

ஆறு மேசைகளில் ஐந்து ஓட்டுவது என்று முடிவெடுத்தன. ஓட்ட வேண்டாம் என்ற ஆறாவது மேசையும் காப்பீட்டைக் காரணமாகச் சொன்னதே தவிர, பழுதாகாத 17 பந்தயங்களின் வெப்பநிலை என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுப்பதற்கு ஒரு தாள் தயாராக இருந்தது. அதைத் திரையில் காட்டினார்கள். சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஓடிய நான்கு பந்தயங்களிலும் பழுது, அதற்கு மேல் ஓடிய இருபதில் மூன்றில்தான் பழுது. அரங்கு அமைதியானது. பிறகு, அந்த எண்கள் கார் பந்தயத்தினுடையவை அல்ல, சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறியதற்கு முன் நடந்த 24 விண்வெளி ஓடப் பயணங்களினுடையவை என்று சொன்னார்கள். எங்கள் மேசையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

1986 ஜனவரி 27ஆம் தேதி இரவு நடந்ததைப் பயிற்றுநர் இதன் பிறகு சொன்ன விதம் சிறப்பு. யூட்டாவில் உந்துபொறி தயாரித்த மார்ட்டன் தையாக்கால் நிறுவனம், அலபாமாவிலும் ஃபுளோரிடாவிலும் நாசா அதிகாரிகள், எல்லோரையும் இணைத்து ஒரு தொலைபேசிக் கூட்டம். இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், ஆகவே சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று ரோஜர் பாய்ஷோலி, ஆர்னி தாம்சன் உள்ளிட்ட பொறியாளர்கள் வாதாடினார்கள், நிறுவனமும் முதலில் அவர்களோடு நின்றது. நாசா அதிகாரி லாரி முல்லாய், அப்படியானால் அடுத்த ஏப்ரலிலா ஏவச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்று இணைப்பை நிறுத்திய தையாக்கால் தரப்பு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த அரை மணியில்தான் பொறியியல் துறைத் தலைவர் ராபர்ட் லுண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி மேலதிகாரி சொன்னார். நான்கு நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். அதே அறையில் இருந்த பொறியாளர்களின் வாக்கு கேட்கப்படவில்லை. மறுநாள் காலை, சுமார் 2 டிகிரி குளிரில் ஏவப்பட்ட ஓடம் 73ஆவது விநாடியில் சிதறியது, ஏழு பேரும் இறந்தார்கள்.

இதை எடுத்துச் சொன்ன பிறகு பயிற்றுநர் வந்து நின்ற முடிவு, "ஆகவே, துணிந்து பேசுங்கள்" என்பது. இந்தப் பயிற்சியின் அடிப்படைக் கோளாறே இதுதான் என்று நினைக்கிறேன். பாய்ஷோலி பேசினார். புகைப்படங்களை மேசை மேல் வைத்து, குரலை உயர்த்தியே பேசினார். ஃபுளோரிடாவில் இருந்த அதே நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்டு கையெழுத்திடவே மறுத்தார். வேறொருவர் யூட்டாவிலிருந்து கையெழுத்திட்டு அனுப்பினார். அங்கே குறைவாக இருந்தது துணிச்சல் அல்ல. வழக்கமாக, பாதுகாப்பானது என்று மெய்ப்பித்த பிறகே ஏவ வேண்டும்; அன்றிரவு, ஆபத்தானது என்று மெய்ப்பித்தால்தான் நிறுத்துவோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு திருப்பிப் போடப்பட்டது. முழுத் தரவும் ஒரே தாளில் மேசைக்கு வரவில்லை. கடைசி முடிவை யார் எடுப்பது என்பதும் பாதி வழியில் மாறியது. போதாததற்கு, முந்தைய பயணங்களிலேயே வளையங்களில் சேதம் தென்பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதால், அந்தச் சேதமே வழக்கமான ஒன்றாகப் பல ஆண்டுகளில் பழகிப்போயிருந்தது என்று சமூகவியலாளர் டயான் வான் 1996இல் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர் பார்வையில் இது ஓர் இரவின் குழுச்சிந்தனை அல்ல. இந்த மாற்றுப் பார்வையைப் பற்றிக் கேட்டபோது பயிற்றுநர், "அது கொஞ்சம் அகாடமிக்" என்று தள்ளிவிட்டார். மாற்றுக் கருத்தை மதிப்பது பற்றிய பயிற்சியில் அதற்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை நடந்த பயிற்சி ஆரவாரம் இல்லாதது. என்னைப் பொறுத்தவரை அதுவே எல்லாவற்றிலும் ஆழமானது. புதிய தொழிற்கூடத்துக்கு மூன்று இடங்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். இடம் அ-வின் சிறப்புகள் எல்லோருடைய தாளிலும் இருந்தன. இடம் ஆ-வின் சிறப்புகளோ ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தன, ஆகவே தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் அது சிறந்ததாகத் தெரியாது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும். எங்கள் மேசை பதினோரு நிமிடத்தில், எந்தச் சச்சரவும் இல்லாமல், இடம் அ-வைத் தேர்ந்தெடுத்தது. எல்லோருக்கும் தெரிந்ததையே எல்லோரும் மாறி மாறிச் சொல்லித் தலையாட்டிக்கொண்டோம். 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர் குழுக்களிடம் ஒரு மாணவர் தலைவர் பதவிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இதைச் சோதித்தபோது, முழுத் தகவலும் எல்லோரிடமும் இருந்த குழுக்களில் 83 சதவீதம் சிறந்த வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தன. அதே தகவலைப் பிரித்துக் கொடுத்த குழுக்களில் கால்வாசிகூடத் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கே யாரும் யாருக்கும் பயப்படவில்லை, யாரும் யாரையும் அடக்கவில்லை. தன்னிடம் மட்டும் இருப்பது எது என்று தெரியாததாலேயே அதை யாரும் எடுத்து வைப்பதில்லை.

நாங்கள் எதற்காக இந்தப் பயிற்சிக்கு வந்தோம் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் 38 லட்சம் ரூபாய் செலவிட்டு ஒரு நிர்வாக மென்பொருள் வாங்கி, பதினான்கு மாதம் போராடி, பின் அதைக் கைவிட்டோம். எங்கள் தொழிலில் வார்ப்புகளை வெளியே சிறு பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்புவோம். நூறு போனால் முதலில் அறுபது வரும், பிறகு முப்பது, மிச்சம் பத்து அடுத்த மாதம். அனுப்பும்போது போட்ட ஒரு சலானுக்கு எதிராகப் பல தவணைகளில் வரவு வைக்க அந்த மென்பொருளால் முடியாது என்பது முன்னோட்டத்தைப் பார்த்த ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளருக்குத் தெரியும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இரண்டாம் ஆண்டிலிருந்து உயர்வது கணக்குப் பிரிவுக்குத் தெரியும். விற்பனையாளர் கொடுத்த இரண்டு வாடிக்கையாளர்களின் எண்களில் ஒருவர் பேசவே மறுத்தார் என்பது எனக்குத் தெரியும். மூன்றும் ஒரே கூட்டத்தில் ஒருபோதும் சந்திக்கவில்லை. "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்கப்பட்டது, "சரிங்க சார்" என்றோம். எல்லாம் முடிந்த பிறகு அந்த மேற்பார்வையாளரிடம், ஏன் அண்ணா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "பெரியவங்க எல்லாம் பார்த்துத்தான் முடிவு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேனுங்க" என்றார். நானும் வேறு யாரோ பார்த்திருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்து வந்த தொப்பிப் பயிற்சியைத் தவிர்த்திருக்கலாம். ஒவ்வொரு மேசையிலும் ஒருவருக்குச் சிவப்புத் தொப்பி அணிவித்து, எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசச் சொன்னார்கள். எங்கள் மேசையில் அணிந்தவர் நகைச்சுவைக்காக எதிர்த்தார், நாங்களும் சிரித்துவிட்டு எடுத்த முடிவிலேயே நின்றோம். நடிப்புக்காக எதிர்ப்பவரைவிட, உண்மையாகவே மாறுபட்ட கருத்துள்ளவரே குழுவைப் பல திசைகளில் சிந்திக்க வைக்கிறார் என்று சார்லன் நெமத் முதலிய உளவியலாளர்கள் 2001இல் காட்டினார்கள். முந்தைய நாள் ஒரு தொப்பியைக் கழற்றச் சொன்னதன் விளைவைக் கேட்டுவிட்டு, மறுநாள் தொப்பியால் எல்லாம் சரியாகும் என்று நம்பச் சொன்னது பொருத்தமாக இல்லை.

கடைசிப் பயிற்சி அதை ஈடுகட்டிவிட்டது. உளவியலாளர் கேரி கிளைன் பரவலாக்கிய முறை அது: திட்டத்தை நிறைவேற்றி ஓராண்டு ஆகிவிட்டது, அது படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, தோல்விக்கான காரணங்களை ஒவ்வொருவரும் பேசாமல் எழுத வேண்டும். சொந்தத் திட்டம் ஒன்றையே எடுத்துக்கொள்ளச் சொன்னதால், வட இந்தியாவில் கிடங்கு திறக்கும் எங்கள் திட்டத்தை எடுத்தோம். அதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கூட்டங்கள் நடந்து, ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஆறு நிமிடம் பேனா ஓடும் ஒலி மட்டும் கேட்டது. சேர்ந்த 31 காரணங்களில் ஐந்து அந்த இரண்டு கூட்டங்களிலும் எழுந்ததே இல்லை. எங்களிடம் 22 ஆண்டுகளாக இருக்கும் விற்பனை மேலாளர், அங்கே சொந்தச் செலவில் சரக்கு வைத்து விற்கும் விநியோகஸ்தர் நாம் கிடங்கு திறந்த மாதமே போட்டி நிறுவனத்துக்குப் போய்விடுவார் என்று எழுதியிருந்தார். "ஏன் இதை முன்னாடியே சொல்லல?" என்று நிர்வாக இயக்குநர் கேட்டார். "திறக்கிறதுன்னு முடிவான மாதிரி இருந்துச்சுங்க சார்" என்று பதில் வந்தது. எதிர்ப்பவர் என்ற பட்டம் இல்லாமல் எதிர்ப்பைச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததும் அவர் சொல்லிவிட்டார். இதற்குச் செலவு ஆறு நிமிடமும் ஒன்பது தாள்களும்.

இத்தனை நல்ல பயிற்சிகளைக் கையில் வைத்திருந்தும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்த கையேடு முழுவதும் "தைரியமாகப் பேசுங்கள்", "கேள்வி கேளுங்கள்", "மனத்தடையை உடையுங்கள்" என்பவையே நிரம்பியிருக்கின்றன. அனைத்தும் கீழே இருப்பவருக்கான அறிவுரைகள். கூட்டத்தை நடத்துபவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அரைப் பக்கம்தான். நிகழ்ச்சி நிரலோடு தகவல் தாளை இரண்டு நாள் முன்பே அனுப்புவது, பேச்சைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதிவிடுவது, தலைவர் கடைசியில் பேசுவது, ஒவ்வொரு பிரிவிடமும் "உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?" என்று பெயர் சொல்லிக் கேட்பது, முடிவுக் குறிப்பில் மாற்றுக் கருத்தையும் பதிவது: இவை எதுவும் கையேட்டில் இல்லை. நம் ராணுவ நீதிமன்றங்களில் உறுப்பினர்களின் கருத்தை மிக இளைய பதவியில் இருப்பவரிடமிருந்து தொடங்கிக் கேட்பது விதி. இளைய அதிகாரியைத் துணிச்சலாகப் பேசு என்று அங்கே யாரும் தூண்டுவதில்லை, முறையே அவரை முதலில் பேச வைத்துவிடுகிறது. கையேட்டின் தமிழும் சரளமாக இல்லை. ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் சில பத்திகள் புரிகின்றன.

எனவே, போகலாமா என்று கேட்பவர்களுக்கு: நிறுவனத்தின் தலைவர் உங்களோடு வருவதாக இருந்தால் போகலாம், கொடுத்த பணத்துக்கு இழப்பில்லை. அவர் வராமல் ஊழியர்களை மட்டும் அனுப்புவதாக இருந்தால் வேண்டாம். திரும்பி வந்து பழைய கூட்டத்தில் பழைய நாற்காலியில்தான் அமரப் போகிறார்கள். ஐந்து பேருக்குக் குறைவாகப் போனாலும் மேசைப் பயிற்சிகள் சோபிக்காது. நடத்துபவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: மதிப்பீட்டுப் படிவத்தில் பெயர்க் கோட்டை எடுத்துவிட்டு, மறுநாள் தனித்தனியாக அனுப்பி வாங்குங்கள். இப்போது வாங்குபவை எங்கள் நிர்வாக இயக்குநரின் ஒரே படிவத்தின் ஒன்பது பிரதிகள்.

இந்த மதிப்புரையின் முதல் வரைவை அவருக்கும் அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள், தமது உண்மையான மதிப்பெண் நான்கு என்றும், அன்று ஐந்து போட்டதற்குக் காரணம் பின்னால் நாங்கள் எல்லோரும் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தமக்குத் தோன்றியதுதான் என்றும் எழுதியிருந்தார். கிடங்குத் திட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் கூட்டத்துக்கு வருகிறது. தாள்களைக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. முதலில் வாசிக்கப்போவது 24 கட்டங்கள் வரைந்த பொறியாளரின் தாள்.